ரேடியோவும் சுருங்கிவரும் குகையும்

பூமிக்கு மேலே பேசிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். பூமிக்குக் கீழே பேசிப் பிழைக்கிறவர் அந்தத் தீவில் ஒருவர்தான். சுண்ணாம்புப் பாறைக் குகைக்கு வரும் சுற்றுலாக்காரர்களை உள்ளே அழைத்துப்போகிற வழிகாட்டி அவர். ஊரில் அவருக்குப் பெயர் 'ரேடியோ'. காலையில் தலைக்கவசத்தை மாட்டும்போது திறக்கிற வாய், சாயங்காலம் அதைக் கழற்றும்போதுதான் மூடும். கூரையிலிருந்து தொங்கும் கல் ஒவ்வொன்றையும் தானே பெற்று வளர்த்ததுபோல் அறிமுகப்படுத்துவார்.

குகையின் நடுவில் ஓர் இடுக்கு உண்டு. ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தால்தான் அந்தப் பக்கத்துப் பெரிய மண்டபத்தைப் பார்க்கலாம். கல்யாணமான புதிதில் ரேடியோ அதில் காற்றுபோல் போய்வந்தார். இப்போது அவருக்கும் பாறைக்கும் எல்லைத் தகராறு. சென்ற வாரம் சட்டைப் பொத்தான்களைப் பாறைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். செய்தி மேலாளர் காதுக்குப் போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை நானும் கூட வர்றேன். மாட்டிக்கிட்டீங்கன்னா, மறுநாள்லேர்ந்து வாசல்ல உக்காந்து தலைக்கவசம் எடுத்துக் குடுங்க. உள்ள உங்க மச்சான் பாத்துப்பாரு."

மச்சான் என்றால் மனைவியின் தம்பி, அதே குகையில் உதவி வழிகாட்டி. வெயிலில் நின்றால் நிழல் விழுமா என்று சந்தேகப்படும்படியான ஒல்லி.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ தன் தரப்பு விஞ்ஞானத்தை எடுத்துவைத்தார். "தண்ணி சொட்டச் சொட்ட சுண்ணாம்புப் பாறை வளரும். குகை சுருங்கிக்கிட்டே வருது. இதுல என் தப்பு என்ன?"

மனைவி கரண்டியை ஓங்கியபடி நின்றாள். "நூறு வருஷத்துக்கு ஒரு விரல்கடைதான் வளரும்னு ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்றீங்க? போன வருஷம் தைச்ச பேன்ட்டுக்குள்ளயும் சுண்ணாம்பு வளருதாக்கும்?"

"விடுக்கா, மாமாவுக்கு எலும்பு கொஞ்சம் பெரிசு" என்றான் தம்பி, தட்டிலிருந்து தலை நிமிராமல்.

"நீ பேசாதடா மாப்ளே. என் இடத்துல இப்பவே துண்டு போட்டுட்டே."

"அய்யோ மாமா, நாலு பேரைப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அந்த வேலை எனக்கு எதுக்கு?"

கவலை ஒரு பக்கம் இருந்தாலும், மனைவி இரண்டாம் முறை பரிமாறியதை ரேடியோ வேண்டாமென்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சுற்றுலாக்காரர்களோடு மேலாளரும் வந்தார். இத்தனை வருடமாகக் குகைப் பக்கமே எட்டிப்பார்க்காத மனைவியும், 'கூத்தை நானும் பாக்கறேன்' என்று தலைக்கவசம் மாட்டிக்கொண்டாள்.

இடுக்கில் முதலில் நுழைந்தவர் ரேடியோ. "அன்பர்களே, இந்த இடத்துலதான் இயற்கை தன்னோட..." இயற்கை என்ன செய்தது என்று சொல்வதற்குள் அது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் வரமுடியவில்லை. பேச்சு மட்டும் தடையில்லாமல் ஓடியது. மேலாளர் தொண்டையைக் கனைத்தார்.

பின்னாலிருந்த மனைவி அவர் முதுகில் தட்டினாள். "ஏங்க, பேசினது போதும். வாய மூடிட்டு மூச்சை முழுசா வெளிய விடுங்க."

"பேசாம எப்படிடி போறது? இங்க சொல்லவேண்டியது எவ்வளவு இருக்கு!"

"பேசறதுக்கு மூச்சை இழுக்கறீங்க. இழுத்தா வயிறு உப்புது. பின்னாடி நிக்கற எனக்கு நல்லாவே தெரியுது."

வேறு வழியில்லை. வேலைக்குச் சேர்ந்தபின் முதன்முறையாக, குகைக்குள் ரேடியோ வாயை மூடினார். மூச்சு வெளியேறியது. வயிறு தணிந்தது. வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழாமல் நின்றார்.

இதுதான் இங்கே முறைபோலும் என்று நினைத்து, எல்லோரும் வாயை இறுக மூடியபடியே பின்னால் வந்தார்கள். மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. வேறெங்கோ இன்னொன்று பதில் சொன்னது. காலுக்கடியில் வெகு ஆழத்தில் ஓர் ஆறு ஓடும் சத்தம். பேச மறந்து நின்றவர்களில் ரேடியோவும் ஒருவர்.

மேலாளர்தான் கடைசியில் கிசுகிசுத்தார். "இவ்வளவு நாளா இந்தச் சத்தத்தை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க? தினமும் இதே மாதிரி நடக்கணும். நீங்களே கூட்டிட்டுப் போங்க!"

கூட்டத்தின் கடைசியில் வந்திருந்த மச்சான்தான் முதலில் கைதட்டினான்.

வேலை நிலைத்துவிட்டது. இப்போதெல்லாம் ரேடியோ, இடுக்குக்கு இந்தப் பக்கமே கூட்டத்தை நிறுத்தி, மௌனத்தின் மகிமையைப் பற்றி உரையாற்றுகிறார். உரை நாளுக்கு நாள் வளர்ந்துவருகிறது. பாறையைவிட வேகமாகத்தான். பொறுமையிழந்த சிலர் தாங்களாகவே இடுக்குக்குள் புகுந்து தப்பித்துவிடுகிறார்கள். ஆற்றின் சத்தம் முதலில் கேட்பது அவர்களுக்குத்தான்.