கட்டைவிரல் நகம்

திண்டிவனத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அந்த அம்மா வேலை பார்த்தார். குட்டையான உருவம்; கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மரச் சிலுவை. யாரைத் தொடுவதற்கு முன்பும் அனுமதி கேட்பார், நினைவில்லாதவர்களிடமும்தான். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார்.

அன்று என் அப்பாவிடம், “ஐயா, நகம் வெட்டட்டுங்களா?” என்று கேட்டார். அப்பா கண் திறந்து மூன்று நாளாகியிருந்தது. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லித்தான் நான் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன்.

“இனிமே எதுக்கும்மா இதெல்லாம்?” என்றேன் எரிச்சலாக.

“உசுரு இருக்குதுங்களே. நகம் வளந்துகினுதான இருக்குது. ஆண்டவரு கூப்புடுற வரைக்கும் இவரு நம்ம பொறுப்புங்க.”

வெந்நீரில் நனைத்து ஒவ்வொரு விரல் நகமாக வெட்டினார். வலது கட்டைவிரலுக்கு வந்ததும் நிறுத்தினார். நகம் நடுவில் பிளந்து வளர்ந்திருந்தது.

“இது இன்னா சார், அடிபட்டதா? வலிக்குமோன்னு பயந்துகினேதான் தொடுறேன்.”

அந்தக் கையால் எனக்குச் சோறும் கிடைத்திருக்கிறது, அடியும் கிடைத்திருக்கிறது. பிளந்த நகத்தை அன்றுதான் பார்த்தேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“ஆமாம், அடிபட்டதுதான்” என்றேன்.

அந்த நகத்தை மட்டும் வெட்டாமல் மெல்லத் தேய்த்துவிட்டார்.

மறுநாள் காலை அப்பா இறந்துபோனார். கைகளைச் சேர்த்து வைக்க அந்த அம்மாதான் வந்தார்.

“ஐயா, கையை மடிச்சு வைக்கட்டுங்களா?”

கேட்டுவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.