தேரடியில் இறங்கிய மூவர்

போன வருடம் ஆடி மாதம், ஒரு காலை நேரம். நானும் என் தம்பி மனைவியும் திண்டுக்கல்லில் இருந்து இரவு ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கினோம். தம்பி சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் வேலையில் இருந்தான். தகடு சரிந்து காலில் விழுந்துவிட்டது, திருவொற்றியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அவனோடு வேலை செய்பவர் போனில் சொல்லியிருந்தார். மெட்ரோவில் வந்துவிடுங்கள் என்று வழியும் அவரே சொன்னார்.

எங்கள் இருவருக்குமே மெட்ரோ புதிது. சென்ட்ரலில் ரயில் மாறுவதற்குள் வழி தெரியாமல் திண்டாடிவிட்டோம். நகரும் படியில் கால் வைக்கப் பயந்து அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒருவழியாக விம்கோ நகர் ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். சுரங்கத்துக்குள் போனில் சிக்னல் இல்லை.

"கட்டுப் போட்டு விட்டா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்ல மதினி? நான் பாத்துக்கிருவேன்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்கு வந்து பாலத்தில் ஏறியது. அவள் ஜன்னலில் தெரிந்த புகைபோக்கிகளைப் பார்க்கத் தொடங்கினாள். அப்போதுதான் தம்பியோடு வேலை செய்பவரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அக்கா, ரத்தம் ரொம்பப் போயிடுச்சு, தம்பி தவறிட்டாரு. அவர் சம்சாரத்துக்கிட்ட பக்குவமா சொல்லுங்க.'

போன் கை நழுவி விழுந்தது. வண்ணாரப்பேட்டையில் ஏறி என் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா குனிந்து எடுத்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை. அவர் கண் மெசேஜில் பட்டுவிட்டது. போனைக் கவிழ்த்து என் மடியில் வைத்தார்.

"எங்க எறங்கணும்?"

"தேரடி."

"நானும் அங்கதான்" என்றவர், தன் போனில் யாரிடமோ, "நான் வர லேட்டாவும், நீ துன்னுடு" என்றார். அவர் இறங்க வேண்டியது முந்தின ஸ்டேஷனான காலடிப்பேட்டை என்று, பிறகு ஆட்டோவில் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

தேரடி ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் எங்களை உட்கார வைத்தார். முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடாதவளை ஒரு பன்னும் டீயும் சாப்பிட வைத்தார். பிறகு என்னைத் தள்ளி அழைத்துப் போனார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல எவனாவது பொசுக்குனு சொல்லிடுவான். அதுக்குள்ள நீயே சொல்லிடு. நான் அவ பின்னால நிக்கறேன், வுயுந்தா புட்ச்சிக்கிறேன்."

சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரொம்ப வலிச்சிருக்குமா மதினி?" என்று கேட்டாள். அப்படியே சரிந்தாள். தரையில் விழாமல் பின்னாலிருந்து இரண்டு கைகள் தாங்கிக்கொண்டன.

ஆட்டோவில் கூடவே வந்தார் அந்த அம்மா. பிணவறை வாசலில், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் காரில் வந்து சேரும்வரை, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் சேர்ந்ததும் எழுந்து போய்விட்டார். பேர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் நான் எதுவும் பேசுவதில்லை. விழப்போகிறவர் யாரென்று பார்த்து, அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.