நிலக்கரி என்று நான் எழுதிய கருப்பு

எண்டோஸ்கோபி அறைக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் குழாயைக் கழுவும் முறையை அல்ல, நான் செய்த ஒரு தப்பை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர் வேறு. கேட்க வேண்டுமா!

சுடலைமணி அண்ணாச்சிக்குத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற வேலை. வயிற்று வலி என்று மனைவி பேச்சியம்மாளோடு வந்திருந்தார். ஃபாரம் நிரப்புவது என் பொறுப்பு. யாருக்கு அவசரம், யார் காத்திருக்கலாம் என்று டாக்டரம்மா அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

"மலம் கருப்பாப் போவுதா அண்ணாச்சி?"

"நல்லாக் கேட்டிய போங்க! கரிக்குள்ள பன்னெண்டு வருசம் சிஸ்டர். துப்புனா கருப்பு, மூக்கச் சிந்துனா கருப்பு. அது மட்டும் வேற கலர்லயா வரும்?"

நானும் சிரித்துவிட்டேன். கரி வேலைக்காரர்களின் கைக்குட்டையைப் பார்த்துப் பழகியவள்தானே. 'நிலக்கரித் தூசி' என்று எழுதினேன். அடுத்த வாரம் ஸ்கோப் என்று தேதி கொடுத்து அனுப்பினோம்.

வாசல்வரை போன பேச்சியம்மாள் தனியாகத் திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், இவுக தலசுத்துதுன்னு மூணு வாரமா வேலைக்கே போவல. வெள்ள வேட்டியக் கட்டிக்கிட்டு வீட்டுலதான் கெடக்காக. இன்னமும் கருப்பாத்தான் போவுது. பொறவு கரி எங்கேருந்து வரும்?"

பின்னாலேயே வந்துவிட்ட அண்ணாச்சி, "ஏளா, சும்மா இரி. சிஸ்டருக்குத் தெரியாதா?" என்றார்.

சிஸ்டருக்குப் பகீரென்றது. உள்ளே ரத்தம் கசிந்தாலும் மலம் தார் மாதிரி கருக்கும். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்பக்கம் ரத்தமில்லாமல் வெளுத்துக் கிடந்தது. டாக்டரம்மாவிடம் ஓடினேன். "என்ன சிஸ்டர், நீங்களா இப்படி எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ரத்தம் ஏற்றிக்கொண்டே அன்று மதியம் ஸ்கோப் போட்டோம். முன்சிறுகுடலில் ஒரு புண், அதற்குள் ஒரு ரத்தக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. முதுகு வலிக்கென்று மெடிக்கலில் வாங்கித் தின்ற மாத்திரை, புண்ணாக்குகிற வேலையில் பாதியைச் செய்திருந்தது. முதலில் ஊசி, அப்புறம் ரத்தக் குழாயைக் கவ்வி மூடும் க்ளிப். டாக்டரம்மா குறி பார்க்க, மூடுகிற கைப்பிடி என் கையில். "ஓப்பன்... க்ளோஸ்... விடுங்க!" கசிவு நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படிப்பட்ட பலருக்கு வயிற்றையே திறக்க வேண்டியிருந்தது.

வயிற்றுக்குள்ளிருந்து கிள்ளி எடுத்த சதைத்துணுக்கைக் கிருமி பார்க்கும் கிட்டில் போட்டதும் அதன் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறியது. புண்ணுக்குக் காரணமான கிருமியும் இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை. "மாத்திரை முடிஞ்சா கிருமி செத்துடுச்சுன்னு நம்பிடாதீங்க. பழைய மருந்துக்கு இப்ப பல இடத்துல அது மசிய மாட்டேங்குது. எது கேக்கும்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருக்காங்க. திரும்ப டெஸ்ட் பண்ணணும்" என்றார் டாக்டரம்மா. மாத்திரை முடிந்து ஒரு மாதம் கழித்துப் பண்ணினோம். கிருமி போயிருந்தது.

அன்று பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் காப்பாத்துனிய" என்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"நான் அனுப்பிட்டேன்மா. நீதான் திருப்பிக் கூட்டிட்டு வந்த. நீ மட்டும் வராம இருந்தா..." அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "அவரே கண்டுக்காதது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கக்கூஸ் கழுவுதது யாரு சிஸ்டர்?"

இப்போதெல்லாம் நோயாளியிடம் கேட்டு முடித்ததும், வீட்டில் கக்கூஸ் கழுவுவது யார் என்று கேட்கிறேன். பேனாவை எடுப்பது அந்தக் கழுவுகிறவரிடமும் கேட்ட பிறகுதான்.