ரதம் ஏறிய கடமான்

கடமானை மலாய்க்காரர்கள் ரூசா என்பார்கள். கலும்பாங் பக்கம் ஒரு பண்ணையில் அதை முதன்முதலாக அருகில் பார்த்தேன், பிள்ளைகளே. வேலியோரம் நின்று என்னையே பார்த்தது. ஈர மூக்கு, கருத்த பிடரி, என் மணிக்கட்டு தடிமனுக்குக் கொம்பு. அந்தக் கொம்பு விழுந்து விழுந்து புதிதாக முளைக்குமாம். எலும்பையே மரக்கிளை போல முளைக்க வைக்கிறதே, அந்த உடம்பை என்னவென்று சொல்வது!

நான் போனது கோயில் வேலையாக. ராசா என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எஸ்டேட் முருகன் கோயில் ரதத்தில், வள்ளிக்குப் பக்கத்தில் நிற்க ஒரு மான் வேண்டும் என்றார்கள். தச்சு வேலையில் எனக்குக் கிடைத்த முதல் கோயில் வேலை. பண்ணையில் பார்த்த மானையே பலகையிலும் பிரம்பிலும் செய்து வைத்தேன்.

கோயில் தலைவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்னா தம்பி, ஆட்டுக்குக் கொம்பு மொளச்ச மாதிரி இருக்கு?"

"நம்ம ஊரு ரூசா இப்படித்தாண்ணே."

"வள்ளி என்னா ராசாவுலயா பொறந்தா? காலண்டர்ல பாரு லா, கொம்பு எம்மாம் பெருசு! இப்படியே இருந்தா இது ரதம் ஏறாது."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அதே கடமான்தான், இந்தியக் காடுகளில் உடம்பும் கொம்பும் பெரிது. நம் பக்கம் சிறிது. தீனி, மண்ணில் உள்ள உப்பு, காட்டின் அடர்த்தி எல்லாம் சேர்ந்து அளவை மாற்றுமாம். குளிர் நாடுகளில் ஒரே வகை மான், வடக்கே போகப் போக உடம்பு பெருத்திருக்குமாம்.

இரண்டு கையையும் விரித்த அளவுக்குக் கொம்பை மாற்றினேன். "இது மான்!" என்று தலைவர் தட்டிக் கொடுத்தார்.

திருவிழா அன்று சாயங்காலம் ரதம் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் திரும்பியது. தாழ்ந்த மட்டை ஒன்றில் கொம்பு வசமாக மாட்டிக்கொண்டது. இழுத்தால் ஓலையும் வருகிறது, வள்ளியும் சாய்கிறாள். மேளம் நின்றது.

"மான எறக்கி வச்சிட்டுப் போவோம்" என்றது ஒரு குரல். நான் ரதத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

தலைவர் மேலே அண்ணாந்து பார்த்தார். "இந்தக் காட்டுல இம்மாங் கொம்பு வச்சிக்கிட்டு எந்த மான்தான்யா நடக்கும்? அறுத்துடு தம்பி."

ரதத்தில் ஏறி, பண்ணையில் பார்த்த அளவுக்குக் கொம்பை நானே அறுத்தேன். வேர்வையும் மரத்தூளும் கண்ணில் விழுந்தன. மேளம் மறுபடி கேட்டது. ஓலைகளுக்கு அடியில், தலை குனியாமல், என் மான் போயிற்று.