அண்ணன் மைக்கில் சொன்னது

என் அண்ணனுக்கு மைக் பிடிப்பதென்றால் உயிர். சுங்கை லாலாங்கில் நாங்கள் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டின் பாடாங்கில், அதாவது திடலில், ஆண்டுதோறும் தீபாவளி முடிந்த கையோடு ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சி நடத்துவார். எஸ்டேட்டை விட்டு பாக்கார் ஆராங்குக்கும் பினாங்குக்கும் குடிபோனவர்கள்கூட அன்று மாலை வந்துவிடுவார்கள். பாடுகிறவர்கள் எல்லாரும் உள்ளூர் ஆட்கள். அறிவிப்பாளர் அண்ணன்தான். நான் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நிகழ்ச்சியன்று பாடகர்களை வரிசையாக மேடைக்கு அனுப்புவது என் பொறுப்பு.

அந்த ஆண்டு மேடை வழக்கத்தைவிடப் பெரியது. இரும்புச் சட்டங்களை நிமிர்த்தி, மேலே கூரைத்துணி கட்டி, பின்பக்கத்தையும் இரண்டு ஓரங்களையும் பேனரால் அடைத்திருந்தார்கள். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் தலைமை தாங்க வருகிறார் என்று அண்ணன் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. பின் பேனரில் டத்தோவின் படம் மேடை உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

சில பாட்டுகள் முடிந்திருக்கும். ஜெராய் மலை இருந்த இடமே தெரியாமல் வானம் கறுத்துவிட்டது. என் கைப்பேசியில் இடிமழை எச்சரிக்கை வந்தது. பலத்த காற்று வீசும் என்றும் போட்டிருந்தது. மேடை ஓரத்தில் நின்ற அண்ணனிடம் காட்டினேன்.

"அண்ணே, நிப்பாட்டிரலாம். எல்லாரையும் கார்ல போய் உக்காரச் சொல்லுங்க."

"மழதானம்மா. கொஞ்ச நேரம் பேஞ்சிட்டு நின்னுரும்."

"காத்துன்னு போட்டிருக்காங்கண்ணே."

"டத்தோ பீடோங் டவுன தாண்டிட்டாராம். அவரு வர்ற நேரத்துல பாடாங் காலியா கெடந்தா எனக்கு அசிங்கம்லா."

தூறல் விழத் தொடங்கியதும் கூட்டம் எழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கார்களை நோக்கி நடந்தார்கள். அண்ணன் மைக்கை எடுத்தார். "யாரும் போயிராதீங்க. சின்ன மழதான். முன்னால வாங்க. ஸ்டேஜ் கூரைக்குக் கிட்ட வாங்க. டத்தோ வந்துகிட்டே இருக்காரு."

அந்தக் குரலைச் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். போனவர்கள் திரும்பினார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேடையின் முன்விளிம்பில் ஒண்டினார்கள்.

காற்று பின்னாலிருந்து வந்தது. பேனர் உப்பியது. இரும்புச் சட்டங்கள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை விட்டுவிட்டுக் குதித்தார். அண்ணனும் குதித்தார். "ஓடுங்க" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூரை முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

பெரும்பாலானவர்கள் தப்பிவிட்டார்கள். சிலருக்குக் கீறல், வீக்கம். ஒருவர் மட்டும் சட்டத்துக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். பள்ளியில் எனக்கு மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். பாக்கார் ஆராங்கில் தையல் வேலை செய்கிறார். அவருடைய கால் நசுங்கியிருந்தது. ஆண்கள் சேர்ந்து சட்டத்தைத் தூக்கப் பார்த்தார்கள், அசையவில்லை. "பொம்பா வந்துகிட்டிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். தீயணைப்பு வண்டி வரும்வரை கொட்டும் மழையில் நான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். அவர் அழவில்லை. சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

அக்காவை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போனபின் போலீஸ்காரர் அண்ணனை விசாரித்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"மழ வந்ததும் நான் எல்லாரையும் வீட்டுக்குப் போகத்தான் சொன்னேன்" என்றார் அண்ணன்.

"அண்ணே" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கூட்டத்தில் யாரோ எடுத்த காணொளி மறுநாள் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. தொழிற்சாலை கேண்டீனில் என் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் அதைச் சத்தமாக ஓடவிட்டாள். "கிட்ட வாங்க" என்ற அண்ணனின் குரல் மேசைமேல் கேட்டது.

"யாருக்கா இந்த ஆளு? புயல் மாதிரி அடிக்குது, கிட்ட கூப்புடுறான்."

"எங்க அண்ணன்" என்றேன்.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "சாரிக்கா" என்றாள். அவள் திட்டியதைவிட, என்னிடம் மன்னிப்புக் கேட்டதுதான் அதிகம் சுட்டது. சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தேன்.

அண்ணன் வெளியே போவதை நிறுத்திவிட்டார். சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவி முன் உட்கார்ந்திருப்பார். மருத்துவமனைக்குக் கூப்பிட்டால், "போய் என்னான்னு சொல்றது?" என்பார். நான்தான் போய்வந்தேன். ஒருநாள் அக்கா என்னிடம், "ஒங்கண்ணன் ஒழுங்கா சாப்புடுறாரா?" என்று கேட்டார். காலில் கம்பி வைத்துக் கட்டிய பெண் கேட்கிற கேள்வியா அது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதை அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

மைலோ மாவு டின்னோடு அக்காவின் கட்டிலருகே நின்றவர், நின்றபடியே பேசத் தொடங்கினார். மேடை போட்டவர்கள் சரியாகக் கட்டவில்லையாம். அந்த மாதிரிக் காற்றை யாரும் பார்த்ததில்லையாம். அவரும் ஜனங்களைக் கலையத்தான் சொன்னாராம். அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "அண்ணே, போலீஸ்கிட்ட சொன்னத இங்க சொல்லாதீங்க. நாங்க அங்கதான் இருந்தோம்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அண்ணன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் கிட்ட வரச் சொன்னேன்" என்றார்.

"ஆமா" என்றார் அக்கா.

வரும் வழியில் அண்ணன் காரை போலீஸ் நிலையத்துக்கு விடச் சொன்னார். வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தார். விசாரணை இன்னும் நடக்கிறது. அக்கா கோல் ஊன்றி நடக்கிறார். கால் மிதிக்கும் தையல் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, கையால் செய்யும் வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

அடுத்த ஆண்டு நிகழ்ச்சியைப் பள்ளி மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். அறிவிப்பை வேறொருவர் செய்தார். அண்ணன் நாற்காலி அடுக்கினார், தண்ணீர் கொடுத்தார். நடுவில் தகரக்கூரைமேல் மழை பிடித்தது. அவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். உள்ளே வந்தார். மறுபடியும் போனார்.

"அண்ணே, இப்ப நாங்க கிட்ட வரணுமா, போகணுமா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை. அவர் என்னைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. அடுத்துப் பாட வேண்டியவரைத் தேடுவதுபோல் நான் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.