குளிர் விடாத சனிக்கிழமைகள்

தேனியில் குளிரா என்று சிரிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மார்கழி மாதம் விடியற்காலையில் ஆண்டிபட்டிப் பக்கத்து நீர்த்தேக்கத்தின் நடுவில், இடுப்புக்குக் கீழே நனைந்துபோய், வாடைக்காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து அதே சிரிப்பைச் சிரிக்கட்டும், பார்க்கலாம்.

நான் பிறந்தது தேவாரம். வேலை பார்த்ததெல்லாம் கடலோர நகரம் ஒன்றின் காப்பீட்டு அலுவலகத்தில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கிறவர்களுக்கு என் வீட்டில் காப்பி கிடையாது. அந்த நகரத்தில் விடுமுறை நாட்களில் பாய்மரப் படகு ஓட்டப் பழகினேன். மற்றவர்கள் சீட்டு ஆடுவது மாதிரி, எனக்கு அது. ஓய்வு பெற்றுத் தேனிக்குக் குடிவந்தபோது கட்டில், பீரோ எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, படகை மட்டும் குட்டியானை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வண்டி டீக்கடை வாசலில் நின்றபோது நல்ல கூட்டம் கூடிவிட்டது. எலெக்சன் சின்னமா என்றார் ஒருவர். மாதா கோயில் சப்பரத்துக்கு அடிக்கட்டையா என்றார் இன்னொருவர். ஒரே ஒருவர்தான் உருப்படியாகக் கேட்டார். ஒல்லியான மனிதர், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். பூர்வீகம் கம்பத்துக்குத் தெற்கே, கிறிஸ்தவர்கள் நிறைந்த ஒரு வேதக்கார ஊர். பிள்ளைகள் படிப்புக்காகத் தேனிக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்.

“இதை ஒத்தையில ஓட்ட முடியுமா சார்?”

“கஷ்டம். ஒருத்தர் சுக்கானையும் பெரிய பாயையும் பாக்கணும், இன்னொருத்தர் முன்பாயைப் பாக்கணும். ரெண்டு பேர் இருந்தாத்தான் சுகம்.”

“ரெண்டாவது ஆளு யாரு?”

“இனிமேதான் தேடணும்.”

அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்தார். கடைக்காரர் கழுவச் சொல்லவில்லை. “சனிக்கிழமைன்னா நான் வாரேன் சார்” என்றார். வாழ்நாளெல்லாம் படகு ஆசையை மனதுக்குள் பூட்டி வைத்திருந்த மனிதர் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பள்ளத்தாக்கில் படகு ஓட்டத் தோதான காலம் குளிர்காலம்தான். ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாலைகளுக்குத்தான் லாயக்கு. சின்னப் படகைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். கோடையில் தண்ணீர் வற்றி, சேறும் கருவேலமும்தான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தேக்கம் நிறையும். வருசநாட்டு மலைகள் பனிக்குள் பாதி மறைந்து நிற்கும். வடகிழக்கிலிருந்து காற்று அளவாக வரும். ஆக, எங்கள் சனிக்கிழமைகள் எல்லாமே பனியில்தான்.

இதற்கென்று உடுப்பு எங்கே கிடைக்கும்? குளிர் நாடுகளில் படகோட்டிகளுக்கென்று தனிச் சட்டை, தனிக் கால்சட்டை உண்டாம். நாங்கள் கைக்குக் கிடைத்ததை மாட்டினோம். கார்த்திகை பிறந்ததும் வடக்கேயிருந்து வந்து சாலையோரத்தில் கடை போடுகிறவர்களிடம் ஸ்வெட்டர். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்கள் போடுகிற மழைக்கோட்டு. திராட்சைக்கு மருந்தடிக்கிறவர்களின் ரப்பர் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தால் கயிறு நழுவியது, கழற்றினால் விரல் மரத்தது. கம்பூட்ஸ் வாங்கிப் பார்த்தோம். ஒரு அலை உள்ளே வந்ததும் ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீரைக் காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்கில் சுக்குக் காப்பி எப்போதும் உண்டு.

பரிசலில் வலை எடுக்கிறவர்கள் இந்தக் குளிரில் வெற்றுடம்போடு, தலையில் ஒரு துண்டோடு எங்களைக் கடந்து போவார்கள். “ஏலே, அங்கன பாருங்கடா, கொடைக்கானல் போட் வந்துருச்சு” என்று ஒருவர் கத்துவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். ஆசிரியர் மட்டும் அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டுவார். அந்தக் கை நடுங்கும்.

நடுக்கம் என்றால் சாதாரண நடுக்கம் இல்லை. படகில் கால் வைத்த நொடியிலிருந்து இறங்குகிற வரைக்கும் அவருக்கு உடம்பு வெடவெடவென்று ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு முன்பாயின் கயிற்றைப் பிடித்திருப்பார். முதல் குளிர்காலத்திலேயே நான் கேட்டேன்.

“ரொம்பக் குளிருதா சார்?”

“குளிர் இன்னும் விடல சார். போகப் போக விட்டுரும்.”

அடுத்த வாரம் நான் அவருக்கு இன்னொரு ஸ்வெட்டர் வாங்கினேன். அதற்கடுத்த வாரம் மப்ளர். அவரைக் கூட்டிப்போக வீட்டு வாசலில் நிற்கும்போது அவர் மனைவி எட்டிப் பார்ப்பார். “என்ன சார், இவுகளுக்குக் குளிர் விட்டுருச்சா?” என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். “சும்மா இரு” என்று அவர் முறைப்பார். “தை பாதி போனா விட்டுரும்மா” என்று நான் பொறுப்பாகப் பதில் சொல்வேன். அந்த அம்மா இன்னும் கூடச் சிரிப்பார். கலகலப்பான வீடு என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு முதல் வெள்ளி வரை நான் வாய் திறந்து பேசுவது பால்காரரிடமும் டீக்கடையிலும்தான், அதுவும் இரண்டொரு வார்த்தை. சில நாள் சாயங்காலம் தொண்டையைச் செருமினால் என் சத்தம் எனக்கே புதிதாக இருக்கும். ஆசிரியர் வந்த பிறகு வெள்ளிக்கிழமை ராத்திரியே எனக்குப் பேச்சு ஊறத் தொடங்கிவிடும். மறுநாள் காற்றைப் பற்றி, மேகத்தைப் பற்றி, பழைய அலுவலகத்தில் எனக்கு வேண்டாதவர்களைப் பற்றி அவரிடம் கொட்டித் தீர்ப்பேன். அவர் நடுங்கிக்கொண்டே கேட்பார். இந்தக் குளிர் ஒருநாள் அவரை விரட்டிவிடுமோ என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம். அதனால்தான் அத்தனை துணி வாங்கினேன். அவர் இல்லாவிட்டால் சனிக்கிழமையும் மற்ற நாளைப் போல ஆகிவிடும்.

இது நாங்கள் சேர்ந்து ஓட்டிய மூன்றாவது குளிர்காலம். கார்த்திகை பாதியிலேயே மழை ஓய்ந்து, பனி இறங்கிவிட்டது. குளிர் காது வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நான் அவர் காதில் பஞ்சை வைத்து, அதன்மேல் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டு, அதற்கும் மேலே ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினேன். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. எனக்கும் அப்படியே கட்டிக்கொண்டேன். படகில் காதுதான் பாதிக் கண். காற்று மாறுவது முதலில் காதில்தான் தெரியும். அது எனக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்குப் பனிதான் பெரிதாகப் பட்டது.

தேக்கத்தின் நடுவே காற்று பின்னால் சுற்றிக்கொண்டது. பாயின் அடியில் இருக்கும் குறுக்குக் கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசி அடிக்கப் போவதைப் பார்த்துவிட்டு, “குனிங்க சார்!” என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ன சார்?” என்றார். கட்டை அவர் தோளில் பட்டது. அவர் எழுந்தார். படகு கவிழ்ந்தது.

லைஃப் ஜாக்கெட் இருந்தது, இருவரும் மிதந்தோம். ஆனால் அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிடி இருக்கிறதே, அதை இன்றைக்கும் உணர முடிகிறது. “மாதாவே, மாதாவே” என்று என் காதுப் பஞ்சுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். எப்போதும் கேலி செய்கிற பரிசல்காரர்கள்தான் விரைந்து வந்து அவரைப் பிரித்தெடுத்து ஏற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

கரையில் அவருக்கு வேறு துணி கொடுத்து வெயிலில் உட்கார வைத்தேன். வெயில் ஏறி, பாறை சுட்டது. என் சட்டை காய்ந்துவிட்டது. அவர் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. சுக்குக் காப்பியை நான்தான் பிடித்துப் புகட்ட வேண்டியிருந்தது. “இவ்வளவு குளிரா சார்?” என்றேன். அவர் தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. காய்ச்சல் என்று போனில் சொன்னார். அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் இரண்டு தரமும் கரை வரை போய், படகைக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல், சாலையோரக் கடையில் இருந்ததிலேயே கனமான ஜாக்கெட்டை, பஞ்சு வைத்துத் தைத்தது, வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்தது. அவர் பாட்டுப் பயிற்சிக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார்.

ஜாக்கெட்டைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

“சார், தப்பா நெனைக்காதீக. படிச்சவுக நீங்க. அவுக குளிர் விடல, குளிர் விடலன்னு சொன்னது இந்தக் குளிரையா?”

“பின்னே எந்தக் குளிர்?” என்றேன்.

“பயம் சார். சின்னப் பிள்ளையில கெணத்துல விழுந்து, முடியப் பிடிச்சுத் தூக்குனாகளாம். அதுலருந்து தண்ணின்னாலே ஆகாது. வேளாங்கண்ணிக்குப் போனாக்கூடக் கடலுக்கு இங்கிட்டே நின்னுக்கிருவாக.”

எனக்குத் தெரியாத பேச்சு இல்லை அது. அலுவலகத்தில் எதிர்த்துப் பேசிய இளைஞனைப் பார்த்து, ‘உனக்குக் குளிர் விட்டுப்போச்சுடா’ என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் மார்கழிப் பனியில், நனைந்த துணியோடு நடுங்குகிற மனிதர் குளிர் என்றதும், நான் கடைத்தெருவுக்குத்தான் ஓடினேன்.

“அப்புறம் ஏம்மா வந்தாரு?”

“நீங்க ஒத்தையில போறீகன்னுதான். ‘அந்த மனுசனுக்குப் பேச ஆளில்ல, நான் ஒக்காந்திருந்தா பேசிக்கிட்டே வாராக’ன்னு சொல்லுவாக.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்பவும் ஒடம்பு சரியானதும் கெளம்பிருவாக சார். நான் சொன்னாக் கேக்க மாட்டாக. நீங்க வேண்டாம்னு சொன்னா இருந்துக்கிருவாக. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக.”

சரி என்றேன். ஜாக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு மனிதர் மூன்று குளிர்காலம் எனக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் அவரிடம் பழைய மேனேஜரைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அதைப் பார்க்கவும் வீட்டில் ஆளில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த சனிக்கிழமை காலை கரையில் தனியாக நின்று பாயை ஏற்றினேன். அந்த மாதத்திலேயே அன்றைக்குத்தான் நல்ல காற்று. படகு நிற்க மாட்டாமல் கயிற்றை இழுத்தது. போன் அடித்தது.

“சார், காய்ச்சல் சுத்தமாப் போயிருச்சு. வண்டிச் சாவியக் கையில எடுத்துட்டேன். எங்கன இருக்கீக? கெளம்பி வரட்டா?”

வாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“வேண்டாம் சார். காத்தே இல்ல. இந்த மாசம் பூரா இப்படித்தான் இருக்கும் போல. நானும் போகல, வீட்லதான் இருக்கேன்.”

“அப்படியா சார்” என்றார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு, “அது என்ன சார், படபடன்னு சத்தம்?”

ஒரு கையால் பாயை இழுத்து நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அப்படியும் அது அடங்கவில்லை.

“ஃபேன் சார்.”

“மார்கழியிலயா?”

“ஆமா சார்.”

பாய் என் கைக்குள் இன்னொரு தரம் அடித்துக்கொண்டது.

“சரி சார்” என்றார். “பாத்துப் போயிட்டு வாங்க.”