போணி தவறிய திங்கட்கிழமை

ஹாங்காங் சந்தை திறந்தபோது எங்கள் ஆபீசில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. ஜப்பான் ஏற்கெனவே இறங்கியிருந்தது. சிங்கப்பூரும் அப்படியே. ஹாங்காங் திறந்த கொஞ்ச நேரத்தில், நான் அதுவரை பார்த்திராத அளவுக்குச் சரிந்தது. சிவப்பு மார்க்கரை எடுத்து மூன்றையும் போர்டில் எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பினால், சொல்வதற்கு அறையில் ஆள் இல்லை.

ஷேர் புரோக்கர் ஆபீசில் வேலைக்குச் சேரப்போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. போர்டு

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் கிளை. நான் டீலர். கஸ்டமர் சொல்லும் ஆர்டரைத் திருப்பிச் சொல்லி, அவர் 'கன்ஃபர்ம்' என்றதும் டெர்மினலில் அடிக்க வேண்டும். எஃப் ஒன் பட்டன் வாங்க, எஃப் டூ பட்டன் விற்க. யோசனை சொல்லக் கூடாது.

நம் சந்தைக்கு முன்பே கிழக்கே உள்ள சந்தைகள் திறந்துவிடும். அவற்றின் போக்கை எழுதிவைப்பதும் என் வேலை. அதற்காகச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். அந்த வருடங்களில் வெளிநாட்டு ஃபண்டுகள் ஆசியா முழுவதையும் சேர்த்தே பார்த்தன. ஓரிடத்தில் அடிபட்டால், லாபத்தில் இருக்கும் இன்னோரிடத்தில் விற்றுப் பணம் எடுக்கும். டிவியில் வந்தவர்களோ, அமெரிக்காவில் என்ன நடந்தாலும் இந்தியாவையும் சீனாவையும் தொடாது என்றார்கள். தினமும் போர்டு எழுதிய எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முதல் வகுப்பு. அப்பாவுக்குக் கல்குவாரியில் வேலை. அம்மா கேட்பாள்: "இன்னாடி வேல அது? டிவி பாத்துகினு குந்தினுகீறதுக்கு சம்பளமா?"

ஹாங்காங்கை அந்த வீட்டில் எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது?

2. ஏழுமலை

படாளத்திலிருந்து வரும் ஏழுமலை அண்ணன்தான் தினமும் முதலில் மாடியேறுவார். சென்னைக்குப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த நிலத்தை ஒரு பிளாட் கம்பெனிக்கு விற்றவர். அந்தப் பணத்தை அப்படியே கட்டுமானக் கம்பெனி ஷேர்களில் போட்டிருந்தார். நம் ஊரில் மனை விலை ஏறுகிறது, அதனால் அந்த ஷேர்களும் இறங்காது என்பது அவர் கணக்கு. எங்கள் கஸ்டமர்களில் பாதிப் பேருக்கு அதே கணக்குதான்.

"இன்னாம்மா, ஜப்பான்காரன் எய்ந்துகினானா? நீ நாஸ்தா துன்னியா?"

இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பார். இரண்டாவது கேள்வியை அந்த ஆபீசில் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை போர்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மூணுமே செகப்பா கீதே."

"ஆமாண்ணா."

"வேடந்தாங்கல் பக்கம் நெலம் பாத்துனுகீறேன். இந்த துட்டும் பூட்சுனா நான் வெறும் ஆளும்மா. நீ இன்னா சொல்ற?"

"நான் சொல்லக் கூடாதுண்ணா. போர்டுல இருக்கறதுதான்."

அவர் போர்டுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

3. போணி

கிளையை நடத்திய சார், அதற்கு முன் அவர் அப்பாவின் ஜவுளிக் கடையில் கல்லாவில் இருந்தவர். அங்கிருந்து ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். நாளின் முதல் ஆர்டர் வாங்குவதாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் போணி. யாரும் வாங்காவிட்டால் தன் கணக்கிலேயே பத்து ஷேர் வாங்கித் தொடங்கிவைப்பார்.

சாரும் மற்ற கஸ்டமர்களும் வந்து உட்கார்ந்த பிறகு நம் சந்தை திறந்தது. எங்கள் பக்கம் சரிவு இன்னும் சிறிதாகவே இருந்தது. ஏழுமலை அண்ணன் எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"அல்லாத்தையும் வித்துடும்மா. இப்ப இன்னா வெலையோ அந்த வெலைக்கு."

பின்னாலிருந்து சார் கத்தினார்: "யோவ் ஏழுமலை, போணியே விக்கிறதா? யாராவது வாங்கட்டும், இரு."

யாரும் வாங்க முன்வரவில்லை. விலை இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், உங்க கணக்குல பத்து போடட்டுமா?" என்றேன்.

சார் டிவியைப் பார்த்தார். "இரும்மா. இன்னும் கொஞ்சம் எறங்கட்டும், போடலாம்."

"எறங்கும்னு உனுக்கே தெரியுது மொதலாளி," என்றார் ஏழுமலை அண்ணன். "அப்பொறம் இன்னாத்துக்கு என்னிய நிக்க வெச்சிகினுகீற?"

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சாரின் முகம் கறுத்தது.

"எல்லா ஷேரும், மார்க்கெட் ரேட், செல். கன்ஃபர்மாண்ணா?"

"கன்ஃபர்ம்."

எஃப் டூ அடித்தேன்.

சார் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போணிய ஏன் காப்பாத்தறேன்னு நெனக்கிற? வித்துட்டு போனவன் திரும்பி வரமாட்டாம்மா. நாளைக்கி யாருக்கு எழுதுவ உன் போர்ட?"

மதியத்துக்கு மேல் நம் சந்தையும் பெரிதாகச் சரிந்தது. மறுநாள் காலையில் சரிவு எல்லை மீறியதால் சந்தையையே ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

4. நாற்காலி

ஏழுமலை அண்ணன் வேடந்தாங்கல் பக்கம் நிலம் வாங்கினார். அதைச் சொல்ல, ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு மாடியேறி வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வாரமும் வருவீர்களா என்று கேட்டேன்.

"இங்க இன்னாம்மா வேல எனுக்கு இனிமே? நடவு கீதே," என்று சிரித்தார். அவ்வளவுதான், அப்புறம் வரவில்லை. சார் சொன்னதும் தப்பில்லை. அந்த வருடம் முடிவதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இருந்த சிலரும் போனிலேயே ஆர்டர் சொன்னார்கள்.

சார் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு போணியைப் பற்றிப் பேசவும் இல்லை. நான் இப்போதும் முதல் பஸ்ஸில் வந்து போர்டு எழுதுகிறேன். எதிரே நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருக்கின்றன.

நான் கற்றது இதுதான். கஸ்டமர் 'கன்ஃபர்ம்' என்று சொல்லிவிட்டால் உடனே அடித்துவிடுங்கள். அவர் திரும்ப வருவாரா என்று பார்க்காதீர்கள். அவருக்கு நல்லது நடந்தால் பெரும்பாலும் வரமாட்டார்.

இன்னொன்று. காலைச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். ஹாங்காங் திறப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருக்கமாட்டார்.